விரல் நுனி தெரியாத கட்டு

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் மாவுக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவில் மட்டும் இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்ப்பார். எக்ஸ்ரே அறையை ஒட்டி, தரை எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும் ஒரு சின்ன அறைதான் அவருடைய ராஜ்ஜியம். ஏணியிலிருந்து விழுந்தவர், குளியலறையில் வழுக்கியவர், கோபத்தில் சுவரைக் குத்திச் சுவரிடம் தோற்றவர் என்று எலும்பு முறிந்த எல்லோரும் டாக்டரைப் பார்த்துவிட்டு மாவுக்கட்டு போட அங்கேதான் வருவார்கள். மாவு தடவிய துணிச்சுருளை வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, கையைச் சுற்றி வரிசையாக ஏற்றி, உள்ளங்கையால் வழித்து வழவழப்பாக்கி, "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு அது இறுகும்வரை தாங்கிப் பிடித்தபடி நிற்பார்.

மாவு இறுகும்போது சூடாகும். அது அதன் குணம். உள்ளே கை மாட்டியிருப்பவர் மிரண்டுபோய், "அய்யோ, சுடுதே!" என்பார்.

"சூடாத்தான் இருக்கும். தானா ஆறிடும்" என்பார் மாவுக்காரர்.

ஆறிவிடும். அவர் சொல்லி ஆறாமல் போனதே இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு யோசனையே தேவையில்லை. கதவைத் திறந்தால் கீல் சத்தம் போடுவதுபோல, "சுடுது" என்று யாராவது சொன்னால் அது அவர் வாயிலிருந்து வரும்.

இன்னொன்றையும் அவர் யோசிக்காமல் செய்வார். எந்தக் கட்டிலும் விரல் நுனிகளை வெளியே விட்டிருப்பார். கட்டு முடிந்ததும் ஒரு நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் மறுபடி சிவந்தால் உள்ளே ரத்தம் ஓடுகிறது, எல்லாம் சரி என்று அர்த்தம். சிவக்காவிட்டால் கட்டை அந்த நொடியே பிரிக்க வேண்டும். கல்யாண வீட்டில் யாராவது கை கொடுத்தால்கூட அவர் கண் முதலில் நகத்துக்குத்தான் போகும்.

அவர் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறார். தெருவுக்கே டிரைவரம்மா. சந்தையில் புறப்பட்டு, இவர்கள் தெருமுனையைத் தொட்டு, ஆஸ்பத்திரியைத் தாண்டி, டிப்போவில் முடியும் தடம். வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பட்டப்பெயர் வக்கீல். பல் தேய்க்கச் சொன்னால் ஏன், எதற்கு, நேற்று தேய்த்தது என்ன ஆயிற்று என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவாள். சின்னவள் நாடகம். ஒருமுறை முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்து, "என் பொம்மை எல்லாத்தையும் அக்காவுக்குக் குடுத்துடுங்க" என்று சாகிற குரலில் சொன்னவள். அதிலிருந்து அவள் "வலிக்குது" என்றால் வீட்டில் யாரும் தலையை நிமிர்த்துவதில்லை.

டிரைவரம்மாவுக்கு நெடுநாள் ஆசை ஒன்று இருந்தது: தொலைதூர வண்டி. பெரிய சாலை, பெரிய ஸ்டீயரிங். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சமயத்தில் உத்தரவு வந்தது. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க முடியாது. சாப்பிடும்போது அதைச் சொன்னார்.

"அப்போ எங்களைப் பாக்கணும்னு தோணினா என்ன பண்ணுவ?" என்றாள் நாடகம், உதடு பிதுங்க.

"உங்க கையைக் கழட்டிக் குடுத்துடுங்கடி, வண்டியில முன்னாடி வச்சிக்கறேன். கண்ணு சொக்குச்சுன்னா கன்னத்துல ஒண்ணு போடச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாவுக்காரர் சிரித்து முடிக்கும் முன்பே அவருக்கு யோசனை வந்துவிட்டது. கையைக் கழற்ற முடியாது, வார்க்க முடியுமே! தினமும் மாவும் கையுமாக நிற்பவர் வீட்டில் இது ஒரு வேலையா? பிள்ளைகள் கையை மாவில் பதித்து அச்செடுத்து, அந்த அச்சில் மறுபடி மாவு ஊற்றினால் அசல் கை. இரண்டு கை, இரண்டு பெண்கள். டவுன் பஸ்ஸில் அம்மாவுக்குக் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, அவர் வருவதற்குள் செய்து மேசைமேல் வைத்துவிட வேண்டும். வக்கீலிடமும் நாடகத்திடமும் ரகசியமாகச் சொன்னார். அன்றிலிருந்து இருவரும் அம்மாவைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு மதியம். பெயிண்ட் கடையில் வாங்கிய பாரிஸ் சாந்துப் பொட்டலம், மாவுக்கட்டு மாவேதான், சமையலறைத் தரையில். பக்கத்தில் காலி பிளாஸ்டிக் பெயிண்ட் டப்பாக்கள் இரண்டு, ஒன்று கழுவித் துடைத்தது. பழைய செய்தித்தாள் விரித்தாயிற்று. வக்கீல் தன் வழக்கைத் தொடங்கினாள்.

"அப்பா, வீடியோவுல வேற மாதிரி பண்றாங்க. முதல்ல ஏதோ ஒரு பொடியைக் கரைச்சு, ரப்பர் மாதிரி ஆனதும் கையை எடுத்துடறாங்க. சாந்தை அப்புறம்தான் ஊத்தறாங்க. கையை நேரா சாந்துல வைக்கவே கூடாதாம்."

"வீடியோக்காரங்களுக்கு மாவைப் பத்தி என்னடி தெரியும்? உங்கப்பா எத்தனை கையை மாவுல வச்சிருக்கேன் தெரியுமா?"

"அது துணியில தடவினதுதானே அப்பா?"

"துணியில தடவினாலும் டப்பாவுல கரைச்சாலும் மாவு மாவுதான். வாதாடாம ஸ்பூனை எடு."

யார் முதலில் என்று அடுத்த சண்டை. நாடகம் பிறந்ததிலிருந்து எதிலும் இரண்டாவதாக நிற்கச் சம்மதித்ததில்லை. வக்கீல் விட்டுக்கொடுத்தாள். மாவுக்காரர் சின்னவளின் வலது கையில், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு மேல்வரை வாஸ்லின் பூசினார். இறுகியதும் கை வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பது கணக்கு. நேரம் குறைவாக இருந்ததால் வெந்நீர் ஊற்றினார். ஒரு பிடி உப்பும் போட்டார். ஆஸ்பத்திரி அறையில் கூட்டம் அதிகமானால் இதுதான் வழக்கம், சீக்கிரம் இறுகும். டப்பா நிறையக் கெட்டியாகக் கரைத்தார்.

"கையை நேரா இறக்கு. விரலை நல்லா விரிச்சு வை. அசைச்சா உருவம் கெட்டுடும், அப்புறம் அம்மாவுக்கு என்னத்தைக் குடுப்ப?"

"அய்ய, சளி மாதிரி இருக்கு" என்று நாடகம் நெளிந்தாள். பிறகு சிலைபோல நின்றாள். வக்கீல் அவளுக்கு மூக்கு சொறிந்துவிட்டாள். மூவரும் அம்மா முகம் எப்படி மாறும் என்று நடித்துப் பார்த்தார்கள். மாவு கூழாகி, கூழ் களியாகி, மேலே விரலால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தது.

"அப்பா, சூடா இருக்கு."

"சூடாத்தான் இருக்கும். தானா ஆறிடும்."

மாவுக்காரர் அடுத்த டப்பாவைக் கழுவப் போனார்.

"அப்பா, ரொம்பச் சூடா இருக்கு."

"ஆறிடும்டா கண்ணு. அசையாத."

"அப்பா, சுடுதுப்பா!"

"ஆறிடும்னு சொல்றேன்ல." குழாய்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். குரலில் எரிச்சல்கூட இல்லை. வாரத்தின் ஆறு நாளும் சொல்லும் அதே குரல்.

பிறகு சத்தம் இல்லை. நாடகம் அழவில்லை, தரையில் விழவில்லை, பொம்மைகளை யாருக்கும் எழுதி வைக்கவில்லை. வாய் திறந்திருக்க, சத்தம் வராமல், டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா," என்றாள் வக்கீல். அவள் குரல் வாதாடும் குரலாக இல்லை. "அவ நடிக்கல."

மாவுக்காரர் ஈரக்கையோடு வந்து குனிந்தார். பழக்கதோஷம், கண் முதலில் விரல் நுனியைத் தேடியது. நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுக்கிறதா, சிவக்கிறதா?

நகம் இல்லை. விரல் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே குழந்தையின் கை. அதற்குக் கீழே வெள்ளைக் கல்.

அவர் வாழ்க்கையில் விரல் நுனி தெரியாத கட்டை அன்றுதான் முதலில் பார்த்தார். அதைப் போட்டவர் அவரேதான்.

டப்பாவின் வெளிப்பக்கத்தைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல இருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. துணிக்கட்டு மெல்லியது, சூடு வெளியே போய்விடும். இது டப்பா நிறைய ஒரே கட்டி. சூடு போக வழியில்லை. உள்ளே இருக்கும் ஒரே வழி அவர் மகளின் கைதான். வெந்நீர் வேறு. உப்பு வேறு.

"இழுடா! கையை இழு!"

இழுத்தாள். வரவில்லை. வாஸ்லின் வழுக்கியது, ஆனால் மணிக்கட்டு ஒல்லி, கை அகலம். ஒல்லியான வாசலை மாவு இறுக்கிப் பிடித்திருந்தது. மாவுக்காரர் ஒருகையால் டப்பாவையும் மறுகையால் மகளையும் பிடித்து இழுத்தார். அப்போதுதான் அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் அவர் கை தானாக விட்டுவிட்டது.

வக்கீல் குடத்துத் தண்ணீரைச் சாய்த்து அப்படியே கல்மேல் ஊற்றினாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மாவுக்காரர் செடி வெட்ட வைத்திருந்த பழைய கத்தரியை எடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவை நெடுக வெட்டி உரித்தார். உள்ளே கல் முழுசாக, அழகாக, வழவழவென்று இருந்தது. சுத்தியலை எடுத்தார். எடுத்த சுத்தியலைப் பார்த்தார். உள்ளே கை எங்கே இருக்கிறது என்று தெரியாத கல்லை எங்கே அடிப்பது? கீழே வைத்தார். இதை உடைக்கக்கூடிய கருவி ஊரில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அவருடைய அறையில்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். கல் அவர் தோளில் இடித்தது. வக்கீல் குடத்தை மறுபடி நிரப்பிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தெரு துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது. ஆட்டோ இல்லை. கை காட்டிய கார் ஒன்று நிற்காமல் போனது.

"அம்மா வண்டி இப்ப வரும் அப்பா" என்றாள் வக்கீல்.

அது அவருக்கும் தெரியும். எந்த வண்டி வந்தாலும் சரி, அது மட்டும் வரக்கூடாது என்றுதான் அவர் மனது அடித்துக்கொண்டிருந்தது. அது மட்டும்தான் வந்தது. அவர் பின்வாங்குவதற்குள் வக்கீல் நடுச்சாலையில் இறங்கிக் குடத்தை ஆட்டினாள்.

பஸ் குலுங்கி நின்றது. டிரைவரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏண்டி, சாகணுமா உனக்கு?" என்று கத்தியவர், கணவரைப் பார்த்தார், இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார், அவள் கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

"என்னங்க அது?"

மாவுக்காரர் மகளை இடுப்பில் இன்னும் மேலே ஏற்றிப் பிடித்தார்.

"உனக்குத்தாம்மா பண்ணினோம்" என்றாள் நாடகம், பல்லைக் கடித்துக்கொண்டு. "என் கை உள்ள மாட்டிக்கிச்சு. சுடுது."

டிரைவரம்மா கியரைப் போட்டார். "ஏறுங்க" என்றார். ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. "எங்கயும் நிக்காது! ஆஸ்பத்திரிதான்!" என்று முன்னால் பார்த்தபடியே கண்டக்டருக்குக் கத்தினார்.

பஸ் நிறையக் கூட்டம். எல்லாத் தலைகளும் திரும்பின.

"குழந்தை கையில என்னங்க, கட்டா?"

"கட்டு இல்லைங்க, கல்லு மாதிரில்ல இருக்கு."

"யம்மா, என் ஸ்டாப்பு போயிடுச்சே!"

"யோவ், உன் ஸ்டாப்பு எங்கயும் ஓடிடாது, உக்காரு."

வக்கீலின் குடம் காலியாகிவிட்டது. அவள் கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "தண்ணி ஊத்திட்டே இருக்கணும் மாமா" என்றாள். கண்டக்டர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. "தண்ணி பாட்டில் வச்சிருக்கவங்க முன்னாடி குடுங்க! சீக்கிரம்!" என்று கத்தி விசில் ஊதினார். பின் இருக்கையிலிருந்து கைமாறிக் கைமாறிப் பாட்டில்கள் வந்தன. பாதி குடித்தது, மூடி இல்லாதது, குழந்தைகளின் பள்ளிக்கூட பாட்டில். மாவுக்காரர் மகளைக் கீழ்ப்படியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ள, வக்கீல் ஒவ்வொன்றாகக் கல்மேல் கவிழ்த்தாள். பஸ்ஸின் தரை முழுக்க வெள்ளைத் தண்ணீர் ஓடியது. யாரும் காலைத் தூக்கிக்கொள்ளவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இவரு மாவுக்காரர்ல? எனக்குக் கட்டுப் போட்டது இவருதான். பயப்படாத பாப்பா, உங்கப்பாவுக்குத் தெரியாத கட்டா? எனக்குப் போட்டப்பக்கூட சுடுதுன்னு அழுதேன். ஆறிடும்னாரு. ஆறிடுச்சு!"

மாவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அந்த அளவுக்கு வலித்திருக்காது. கண்ணாடியில் டிரைவரம்மாவின் கண்கள் தெரிந்தன. அவை சாலையைத்தான் பார்த்தன. ஆனால் அந்த வார்த்தை அந்தக் காதுக்கும் போயிருக்கும்.

ஆஸ்பத்திரி வாசல்வரை பஸ் போகக்கூடாது என்று பலகை இருக்கிறது. அன்று போனது.

மாவுக்கட்டு அறையில் கட்டுப் போடுவது இவர் வேலை. கட்டு வெட்டுவது இன்னொரு பெண்ணின் வேலை. மின்ரம்பத்தோடு நிற்பதால் அவருக்கு ரம்பம் என்றே பெயர். அன்று அவருக்கு ஞாயிற்றுப் பணி. "என்னண்ணே, வீட்டுலயும் ஓவர்டைமா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தவர், கல்லைப் பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் சூடு இறங்கலையே. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு வெட்டலாம், ஆனா அதுவரைக்கும் கையை இதுக்குள்ள விட்டு வைக்க முடியாது. உள்ள கை எப்படி இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்? எங்க வெட்டணும்னு கோடு போடுங்க."

அந்த மின்ரம்பம் மெல்லிய கட்டை வெட்டும்போது தோலை வெட்டாது. அதை ஆயிரம் குழந்தைகளிடம் சொல்லி நிரூபித்திருக்கிறார்கள். இது மெல்லிய கட்டு இல்லை. அழுத்தி இறக்கி, பிளவுக்குள் இடுக்கியை விட்டுப் பிளக்க வேண்டும். கோடு தவறினால் பிளவு விரல்மேல் விழும்.

மாவுக்காரர் பென்சிலை எடுத்தார். கை விரிந்து, தட்டையாக இருக்கிறது. அப்படித்தான் அவர் வைக்கச் சொன்னார். தட்டையான கைக்குப் பக்கவாட்டில் விரல்கள் நீண்டிருக்கும். முன்னும் பின்னும்தான் மாவு தடிமனாக இருக்கும். ஆகவே முன்பக்கம் ஒரு கோடு, பின்பக்கம் ஒரு கோடு. போட்டார். ரம்பம் கருவியை ஓட விட்டார். அறை முழுக்க ரீங்காரம்.

"அப்பா," என்றது நாடகத்தின் குரல், அந்தச் சத்தத்துக்கு அடியில். "நான் மடக்கிட்டேன்."

அவருக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் கையைத் தூக்கினார். ரீங்காரம் நின்றது.

"என்ன சொன்ன?"

"விரிச்சு வைக்கச் சொன்னல்ல. சுட ஆரம்பிச்சப்பவே, உள்ள இன்னும் கூழா இருந்தப்ப மடக்கிட்டேன். உருவம் கெட்டுடுச்சுன்னு நீ திட்டுவேன்னு சொல்லாம இருந்துட்டேன்." அவள் அழுதாள். "சாரிப்பா."

டாக்டர் மாவுக்காரரைப் பார்த்தார். "குழந்தை சரியாச் சொல்லுதா? பயத்துல எதையாவது..."

நாடகம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைக் கேட்பதுதான் வீட்டு வழக்கம். மடக்கியிருந்தால் கை முன்பக்கமாகப் புடைத்திருக்கும். அவர் போட்ட கோடு நேராக விரல் முட்டிகள்மேல். மடக்காமல் இருந்தால், பக்கவாட்டில் வெட்டுவது விரலை வெட்டுவது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரைவரம்மா கதவருகே நின்றார்.

மாவுக்காரர் மகளின் முன்னால் மண்டியிட்டார்.

"முழுசா மடக்கினியா, பாதியா?"

"முழுசா."

"கட்டைவிரல்?"

"உள்ள. மத்த விரல் எல்லாம் அதைப் பிடிச்சிட்டு இருக்கு."

"இந்தக் கையில செஞ்சு காட்டு."

இடது கையால் செய்து காட்டினாள். கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடிய சின்ன முஷ்டி. அவர் அதைப் பார்த்தார். பென்சில் கோட்டை ஈரக்கையால் தேய்த்து அழித்தார். பக்கவாட்டில் இரண்டு புதுக் கோடுகள் போட்டார். பென்சில் இரண்டு முறை உடைந்தது.

"வெட்டு தங்கச்சி" என்றார்.

வெள்ளைத் தூள் பறந்தது. இடுக்கி பிளவுக்குள் போனது. ரம்பம் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை விரித்தார். கல் ஒரு சத்தத்தோடு இரண்டாகத் திறந்தது.

உள்ளே முஷ்டி இருந்தது. அவள் காட்டியபடியே. முட்டிகள் நான்கும் முன்பக்கச் சுவரை ஒட்டி. அழித்த கோட்டின் மிச்சம் வெளிப்பக்கம் மங்கலாகத் தெரிந்தது; சரியாக அந்த இடத்தில்.

முட்டிகளும் விரல்களின் வெளிப்புறமும் வெந்து வெளுத்திருந்தன. டாக்டர் ஒவ்வொரு விரலாக, மெதுவாக, பூ இதழைப் பிரிப்பதுபோலப் பிரித்தார். விரல் நுனிகள் வெளியே வந்தன. இளஞ்சிவப்பாக. மாவுக்காரர் கையை நீட்டினார். ஒரு நகத்தை மிக மெதுவாக அழுத்தி விட்டார். வெளுத்தது. காத்திருந்தார். சிவந்தது. அடுத்த நகம். சிவந்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். தன் அறையின் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தீக்காயப் பிரிவு டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முட்டியில தழும்பு நிக்கும். விரல் வேலை செய்யும். சூடு ஏற ஏற நுனியை எல்லாம் உள்ளங்கைக்குள்ள ஒளிச்சிக்கிட்டிருக்கா, அதான் தப்பிச்சது. விரிச்சே வச்சிருந்தா..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மாவுக்காரருக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. அசையாதே, விரித்தே வை என்று சொன்னவர் அவர்தானே.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நாடகம் மருந்து மயக்கத்தில் இருந்தாள். வக்கீல் அம்மாவின் மடியில் தலை வைத்திருந்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவளிடமிருந்து அதைக் கேட்டே பழகியவருக்கு, அவள் சொல்லாதது பயமாக இருந்தது.

"எத்தனை தடவை சொன்னா அவ?" என்றார் டிரைவரம்மா.

"தெரியல. எண்ணல."

"எண்ண வேண்டாங்க. முதல் தடவையே போதும்."

அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் மாவுக்காரர் பிழைத்திருப்பார்.

ரம்பம் அந்த இரண்டு துண்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவந்தார். "குப்பையில போடவா அண்ணே?" என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் டிரைவரம்மா கையை நீட்டி, "குடும்மா" என்று வாங்கிக்கொண்டார்.

தொலைதூர வண்டியைத் தள்ளிப்போட்டார்கள். கட்டுகள் பிரிந்து, புதுத்தோல் வந்து, நாடகம் பென்சில் பிடித்து, பிறகு பென்சிலை அக்காமேல் எறியவும் தொடங்கிய பிறகு, ஒரு மதியம் டிரைவரம்மா அந்தப் பையைச் சமையலறைத் தரையில் கொட்டினார். பழைய செய்தித்தாள் விரித்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மாவுக்காரர் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு பங்கு மாவுக்கு எவ்வளவு தண்ணிங்க?" என்றார் டிரைவரம்மா, திரும்பாமலேயே.

சொன்னார்.

"வெந்நீரா?"

"இல்ல. பச்சைத்தண்ணி."

"உள்ள வாங்க. எட்டி நின்னு சொன்னா எப்படி?"

இரண்டு துண்டுகளையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினார்கள். உள்ளே எண்ணெய் தடவியாயிற்று. யாருடைய கையும் இல்லாத அச்சுக்குள் வக்கீல் மாவை ஊற்றினாள். "ஆறட்டும்" என்று வாயெடுத்த மாவுக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நாடகம் அச்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சுடுது. இப்ப கொஞ்சம் குறைஞ்சிடுச்சு. இப்ப இல்ல" என்று நேர்முக வர்ணனை கொடுத்தாள். அவள் "இல்ல" என்று சொன்ன பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்கள்.

வெளியே வந்தது ஒரு குழந்தையின் முஷ்டி. தோல் ரேகை, முட்டிச் சுருக்கம் எல்லாம் அப்படியே. கட்டைவிரலை நான்கு விரல்களும் நெரித்துப் பிடித்திருந்தன. பிடித்த பிடியில் விரல்களுக்கு நடுவே தோல் பிதுங்கியிருந்தது. குழாயில் டப்பா கழுவியபடி அவர் "ஆறிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் இதுதான். கல்லில் எழுதி வைத்ததுபோல நின்றது. மாவுக்காரரால் அதைக் கையில் வாங்க முடியவில்லை.

இப்போதும் அவர் அதே அறையில்தான் இருக்கிறார். யாராவது "சுடுதே" என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கட்டின்மேல் உள்ளங்கையைப் பதித்து, "எந்த இடத்துல? எப்படிச் சுடுது?" என்கிறார். வரிசை நீள்கிறது. "அண்ணே, நீங்க கட்டுப் போடறீங்களா, பேட்டி எடுக்கறீங்களா?" என்கிறார் ரம்பம். அவர் நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

டிரைவரம்மா தொலைதூர வண்டிக்குப் போய்விட்டார். முன் கண்ணாடிக்குக் கீழே, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் அந்த முஷ்டி ஒட்டியிருக்கிறது. முதல் பயணத்தன்று மாவுக்காரர் வழியனுப்ப டிப்போவுக்குப் போயிருந்தார். முன் இருக்கையில் ஏறிய ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கேம்மா, குழந்தை கையா? எல்லாரும் விரலை விரிச்சு அழகா வார்ப்பாங்களே, இது ஏன் இப்படி இறுக்கி மூடியிருக்கு?" என்று கேட்டார்.

டிரைவரம்மா வண்டியைக் கிளப்பினார். ஜன்னலுக்குக் கீழே நின்ற கணவரை ஒருமுறை பார்த்தார்.

"அது அப்பா பேச்சைக் கேக்காத கைங்க" என்றார்.